வரம் தராத சாமியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி, மே 28

பாத்ஃபைண்டர் என்று, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. அதில் இரோரி என்று ஒரு கடவுள் இருக்கிறார். மனிதனாகப் பிறந்து, தவம் செய்து, தன்னைத் தானே செதுக்கிக் கடவுளானவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்டத்தில் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. கோபப்பட மாட்டார், சண்டை பிடிக்க மாட்டார், வரமும் தர மாட்டார். இப்படி ஒரு சாமியை யார் கும்பிடுவது? துறவியைக் கடவுளாக்கினால் கதை செத்துவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

மே 28, இரவு 11.10

நான் மறுக்கிறேன். ஆனால் நித்திரை வருகிறது. நாளைக்கு.

மே 29

சரி, தேத்தண்ணி குடித்தாயிற்று.

நாங்கள் ஐந்து பேர். மட்டக்களப்பு கல்லடியில் என் போட்டோகொப்பிக் கடைக்குப் பின்னால் உள்ள விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். ஜீஎம் என்று சொல்ல வேண்டும். கூத்துக் குடும்பத்தில் பிறந்த என் மச்சினன் முதல் நாளே, கூத்துப் பழக்குபவரைக் கூப்பிடுவதுபோல 'அண்ணாவியார்' என்று கூப்பிட்டான், அதுவே ஒட்டிக்கொண்டது. விதிப் புத்தகத்துக்கும் 'கொப்பி' என்றுதான் பெயர். மற்றவர்கள்: கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நண்பன், ஆரையம்பதி டீச்சர், வங்கியில் வேலை செய்யும் ஒருவர். இவர் பகடையை உருட்டுமுன் ஊதுவார். ஊதினால் ஒன்று விழும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உலகத்தின் பெயர் கொலாரியன். அதன் கிழக்கே வுத்ரா என்றொரு பெருநிலம், இந்தியாவைப் பார்த்துச் செய்தது என்று பெயர்களிலேயே தெரியும். அங்கே பிறந்தவர் இரோரி. கொலாரியனில் மனிதர் கடவுளாவது பெரிய புதினமல்ல. அப்சலோம் நகரத்தில் ஸ்டார்ஸ்டோன் என்ற கல் இருக்கிறது, அதன் சோதனையில் தேறினால் கடவுள். கேடன் கெய்லியன் என்பவர் நல்ல குடிவெறியில், பந்தயத்துக்காக உள்ளே போய்க் கடவுளாகி வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. இரோரி அந்தக் கல்லின் பக்கமே போகவில்லை. உடம்பையும் மனதையும் ஆன்மாவையும் குறையில்லாமல் ஆக்கினார், ஆனதும் கடவுளாகிவிட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. சின்னம் நீலக் கை. ஆயுதம் வெறுங்கை.

இவரால் கதை சாகும் என்றால், அது கடவுளின் குற்றமல்ல, அண்ணாவியாரின் குற்றம். நானும் அந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். முதல் தடவை இரோரி கோயிலைக் காட்டியபோது என்னால் முடிந்ததெல்லாம் ஒரு மொட்டைத் தலைக் கிழவர், ஒரு மணி, நிறைய அமைதி. மச்சினனின் பாத்திரம் ஒரு மொங்க், வெறுங்கையால் சண்டை பிடிக்கும் மடத்து ஆள். அது உள்ளே போய்க் கும்பிட்டது. "என்ன நடக்குது?" என்று கேட்டான். "ஒண்டும் நடக்கல்ல," என்றேன். "மறுகா?" என்றான். மறுகாவும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து ஓநாயோடு சண்டை பிடித்தோம்.

மே 29, பின்னேரம்

ஒருவர் கேட்கிறார், இதையெல்லாம் தமிழிலா ஆடுகிறீர்கள் என்று. ஓம். எண்கள் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "செவண்டீன், படுதா?" இதுதான் எங்கள் விறாந்தையில் அதிகம் கேட்கும் வசனம்.

ஜூன் 1

நேற்றைய ஆட்டத்தில் வந்த கேள்வி இது. இரோரி தவத்துக்கு மட்டுமல்ல, வரலாற்றுக்கும் அறிவுக்கும் கடவுள். முக்கியமான வரலாற்று நூலை அழிப்பது அவருடைய அடியாருக்குத் தடை, விதியிலேயே இருக்கிறது. வங்கிக்காரர் கேட்டார், எல்லாவற்றையும் விட்டவனுக்கு எதற்குப் பழங்கணக்கு?

எனக்கு இது குழப்பமாகவே படவில்லை, காரணம் ஊர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், 1924இல் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார். காவி கட்டிய பிறகுதான் பழைய பாட்டுகளிலும் உரைகளிலும் கிடந்த குறிப்புகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு, வழக்கொழிந்த யாழை மீட்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் போய்விட்டார். சமாதி என் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வீட்டை விட்டவர் நரம்புகளின் சுருதிக் கணக்கை விடவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துறவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்த முகம்தான், கண்ணாடி போட்ட முகம். காட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர் அப்புறம்தான்.

வங்கிக்காரர் ஏற்றுக்கொண்டார். டீச்சர் வேறொன்று சொன்னார். "இண்டைக்கு என்ன திகதி?" நள்ளிரவு தாண்டி இருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவு. 97,000 அளவில் நூல்கள். அதோடு ஆட்டத்தை முடித்துவிட்டோம்.

ஜூன் 3

பிழை திருத்தம். மேலே நானும் கேள்வி கேட்டவரும் 'துறவி, துறவி' என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். ஒரு வாசகர் பிடித்துவிட்டார். இரோரியின் கட்டளைகளில் துறவு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பணிவாக இரு. உடம்பு, மனம், ஆன்மாவைத் தீட்டு. கட்டுப்பாட்டோடு பயிற்சி செய். மற்றவர்கள் நிறைவடைய உதவு. தடைகள்: போதைக்கு அடிமையாவது, வரலாற்று நூலை அழிப்பது, தன்னடக்கத்தைத் திரும்பத் திரும்ப இழப்பது. அவ்வளவுதான். பெண்டாட்டி பிள்ளையை விடு என்று இல்லை. காசை விடு என்றும் இல்லை.

அப்படியானால் இவர் தவசி. துறவி வேறு. திருக்குறளில் தவம் 27ஆம் அதிகாரம், துறவு 35ஆம் அதிகாரம். இடையில் ஏழு அதிகாரம் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் பாடமாக்கிவிட்டு, நாற்பது வயதில் ஒன்றாகக் குழப்பியிருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. இரோரியின் உறவுக்காரன் ஒருவனும் வுத்ராவில் கடவுளாக இருக்கிறான். குறையே இல்லாத ஒரு நூலை எழுதிக் கடவுளானவன். பெயர் குருஹஸ்தா. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிரகஸ்தன்! அமெரிக்காவில் இருந்து இந்தப் பெயரை வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ என்னவோ, தவசிக்குப் பக்கத்தில் இல்லறத்தானை உட்கார வைத்துவிட்டார்கள். டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

ஜூன் 3, இரவு

இரோரி என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். ஜப்பானிய வீடுகளில் தரையில் குழி வெட்டி வைக்கும் அடுப்பாம். ஆகவே இனி இவர் அடுப்புச் சாமி.

ஜூன் 4

இல்லை, தேத்தண்ணி போதையில் சேராது. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மச்சினனின் எதிரிப் பாத்திரம் ஒன்று ஆட்டத்துக்குள்ளேயே இந்த வழக்கை வைத்து, மொங்க் மூன்று வேளை மூலிகைத் தண்ணீர் குடிக்கிறான், இவன் அடிமை என்று வாதாடியது. பகடை உருட்டித் தீர்த்தோம். பதினெட்டு விழுந்து மொங்க் தப்பினான்.

என் சிகரெட் சேரும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எழுதாமலும் விடலாம்.

ஜூன் 8

'தவம் செய்தால் கடவுள் வந்து வரம் தருவார், அதுதானே எங்கள் கதைகள். இரோரிக்கு யார் வரம் கொடுத்தது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் பெரியது.

எங்கள் பக்கத்தில் அருச்சுனன் தபசு கூத்து ஆடுவார்கள். சின்ன வயதில் வட்டக்களரியின் ஓரத்தில் பாய் போட்டுப் பார்த்தது. விடிய விடிய மத்தளம். அருச்சுனன் ஏன் தவம் செய்கிறான்? ஆயுதத்துக்கு. சிவன் வேடனாக வருகிறார், ஒரு பன்றிக்காக அடிபடுகிறார்கள், கடைசியில் பாசுபதம் கிடைக்கிறது. தவம் ஒரு கை, வரம் மறு கை. இராவணனும் அப்படித்தான், இரணியனும் அப்படித்தான். தவம் என்றால் மேலே இருப்பவர் கதவைத் தட்டுவது.

இரோரிக்கு மேலே ஒருவரும் இல்லை, கதவும் இல்லை. வுத்ராவுக்குப் பெயர்களும் உடுப்பும் புராணத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், ஆனால் இந்தத் தவத்தின் எலும்பு வேறு எங்கிருந்தோ வந்தது என்று நினைத்தேன். பௌத்தம் என்று எழுதப் போனேன். மேலே ஒரு நண்பர் முந்திக்கொண்டு 'அருகன்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கிறார். சமணர் வணங்குபவர். சரிதான். தீர்த்தங்கரர் தம் முயற்சியால் வென்று நிற்பவர், வரம் தருவதில்லை. வணங்குவது அவரிடம் வாங்குவதற்கு அல்ல, அவர் போன வழியை நினைத்துக்கொள்வதற்கு. என்னுடையதை அழித்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் விடாமல் உறுத்துகிறது. அருகன் உலகத்தை விட்டு மேலே போய்விட்டவர். இரோரி போகவில்லை. மற்றவர்கள் நிறைவடைய உதவு என்பது அவர் கட்டளை. வென்ற பிறகும் மற்றவர்களை விட்டுவிடாத ஆள். வாத்தியார் குணம்.

ஜூன் 12

குளிர்த்தி முடிந்து வந்து எழுதுகிறேன். கண் எரிகிறது.

வைகாசி என்றால் மட்டக்களப்பில் கண்ணகை அம்மன்தான். கதவு திறந்து, வழக்குரை பாடி, கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் சூட்டைத் தணிக்கும் சடங்கு. எத்தனை தடவை போயிருப்பேன், இந்த வருடம்தான் ஒன்று தைத்தது. இவளும் மனிசியாகப் பிறந்து தெய்வமானவள். ஸ்டார்ஸ்டோன் இல்லை, வரம் இல்லை. ஆனால் எந்த வழியில்? அடங்கி அல்ல. அடங்க மறுத்து. இரோரியின் கொப்பிப்படி தன்னடக்கத்தை இழப்பது தடை. எங்கள் அம்மன் அதை இழந்ததால்தான் அம்மன்.

ஆறாத கோபம் உள்ள தெய்வத்திடம் மனிதருக்கு ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டும், பாட வேண்டும், 'ஆறு தாயே' என்று கெஞ்ச வேண்டும். அவளுக்கு நாங்கள் தேவை. கேள்வி கேட்டவரின் கட்சி எனக்கு இப்போதுதான் சரியாக விளங்குகிறது. இரோரிக்குச் சூடு இல்லை, குளிர்த்தி இல்லை. அவருக்குச் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. கதை செத்துப்போகும் என்று அவர் சொன்னது இதைத்தானோ?

மே 28ஆம் திகதி மறுத்ததை அரைவாசி வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 13

வாபஸ் வாங்கியதற்கு வாழ்த்துச் சொன்னவர்களுக்கு: அரைவாசிதான்.

ஜூன் 15

நேற்று இரோரி கோயிலைத் திரும்பவும் காட்டினேன். இந்தத் தடவை மொட்டைக் கிழவர் இல்லை. மண்டூரைத் திருடினேன்.

அம்மாவின் ஊர் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே பூசை செய்யும் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் இல்லை, திரைக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. சின்னப் பிள்ளையாக நின்றபோது எனக்கு அது பயமாக இருந்தது. வாய் கட்டிய மனிதர் என்னைப் பார்த்தால் நான் செய்த களவெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பேன். களவு என்றால் மாங்காய்.

ஆகவே ஆட்டத்தில், கோயில் வாசலில் ஒருவர் ஐந்து பேருக்கும் துணி கொடுக்கிறார். கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நான் உண்மையாகவே கடையிலிருந்து துணி வெட்டிக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் ஒருவரும் பேசாமல் ஆட வேண்டும், சைகையும் பகடையும் மட்டும். கல்முனை நண்பன் மூன்றாவது நிமிடத்தில் சிரித்தான். ஏழாவது நிமிடத்தில் கரண்ட் போனது. நான் நிறுத்தவில்லை. இருட்டில், துணியைக் கட்டிக்கொண்டு, நுளம்புக் கடியில் ஐந்து பெரிய மனிதர் இருந்ததைப் பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன மனே செய்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பதினைந்து நிமிடம் அது.

ஜூன் 17

ஆனால் அது ஏமாற்று. ஒரு வாசகர் எழுதியிருப்பது சரி: அது முருகன் கோயிலின் சக்தி, இரோரிக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். மண்டூரில் வாய் கட்டுவது உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதற்காக. நான் கட்டச் சொன்னது உள்ளே ஒருவரும் வர மாட்டார் என்பதை மறைக்க.

ஜூன் 22

நேற்று ஆட்டம் பாதியிலேயே பேச்சாகிப் போனது. கல்முனை நண்பன் சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

"நீங்க எல்லாரும் சாமிக்கு என்ன குடுக்கிற, சாமி என்ன தரும் எண்டே கதைக்கிறீங்க மச்சான். எங்கட ஊருல கடற்கரைப் பள்ளிவாசல்ல கொடி ஏத்துறாங்க. அவுலியாவ நாங்க கும்பிடுறதில்ல. அவருட பேரால ஓதுறம், அவருட பேரால சோறு குடுக்கிறம். அவருக்கு ஒண்டும் தேவையில்ல எண்டு எல்லாருக்கும் தெரியும். திங்கிறது மத்தவன்."

காரைதீவில் சித்தானைக்குட்டி சுவாமிகளின் குருபூசையும் அதேதான். சித்தருக்கு எதற்குச் சோறு? ஆனால் ஆடியில் சமாதி கோயிலுக்குப் போனால் அன்னதானத்துக்கு நிற்கும் வரிசை தெருவரை வரும். கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் சில மைல்தான். ஒரே விடையை இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள், நான் கல்லடியில் இருந்து கொலாரியனில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒன்றும் தேவைப்படாத சாமிக்குக் கொடுப்பது பக்கத்தில் நிற்பவனுக்குப் போகிறது. இரோரி கோயிலில் சோறு பொருந்தாது என்று நினைக்கிறேன். பாடம் பொருந்தும். அங்கே காணிக்கை என்றால் உனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இதை விதியாகவே எழுதிவிட்டேன். வங்கிக்காரரின் திருடன் பாத்திரம் ஒரு சின்னப் பெடியனுக்குப் பூட்டுத் திறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தது.

ஜூன் 29

உகந்தைக்குப் போகும் பஸ்களில் ஆட்கள் தொங்குகிறார்கள். பாதயாத்திரைக் காலம். ஆகவே சிகரெட் கதை.

2018இல் நான் நடந்தேன். பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை, அங்கிருந்து குமனைக் காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலக் காடு வழியாகக் கட்டகாமம், பிறகு கதிர்காமம். என் நேர்த்தி சிகரெட்டை விடுவது. ஒன்றுமே கேட்காமல் வந்தவர் ஒருவரையும் நான் அந்தக் காட்டில் சந்திக்கவில்லை. பிள்ளை, விசா, சோதனை, சீதனம், வழக்கு. கேட்பது எங்கள் மூச்சு.

ஆனால் காட்டுக்குள் எல்லோரும் எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, உப்பு இருக்கா?" "சாமி, அந்தப் பக்கம் யானை, நில்லுங்க." "சாமி, உங்கட செருப்பு நான் போட்டுட்டன் போல." எனக்கு முன்னால் நடந்தவர் ஐம்பது வயது மீன் வியாபாரி. நாலு நாள் என் தண்ணிக்கானைத் தூக்கி வந்தார். நான் அவருக்குச் சாமி, அவர் எனக்குச் சாமி. கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்து, கும்பிட்டு, பஸ் நிலையத்துக்கு வந்தோம். பஸ் வந்ததும் அதே மனிதர் முழங்கையால் என்னை இடித்துவிட்டு, "தம்பி, தள்ளி நில்லுங்க," என்று ஏறிப் போனார்.

பதினொரு நாள் சிகரெட் இல்லாமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் ஒன்று.

இரோரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பஸ் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. நாங்கள் ஐந்து நாள் சாமியாக இருந்தோம். அவர் இறங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மேலே எழுதிய 'வாத்தியார் குணம்' என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கவும்.

ஜூலை 1

இல்லை, இன்னும் விடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று. கேட்டதற்கு நன்றி.

ஜூலை 6

நேற்று நடந்ததை எழுத எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மலைக் கணவாயில் இரோரியின் மடம். எங்கும் உறைபனி. (எங்கள் கூட்டத்துக்கு அது ஃபிரிஜ்ஜின் மேல் தட்டு. வர்ணிப்பதைக் கைவிட்டேன்.) மடத்தில் ஓர் ஏடு, அங்கே படித்த மாணவர் எல்லோருடைய பெயரும் ஊரும் அதில் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. கீழே ஒரு தளபதி படையோடு ஏறி வருகிறான். அவனுக்கு அந்தப் பெயர்கள் வேண்டும். ஏடு கிடைத்தால் ஊர் ஊராகப் போய்த் தேடுவான். எரித்தால் வரலாற்று நூலை அழித்த குற்றம், இரோரியின் நேரடித் தடை.

நான் இதைப் புதிர் என்று நினைத்துத்தான் வைத்தேன். சத்தியமாக. 48 பெயர் எழுதி, கடையில் ஒரே ஒரு பிரதி அச்சடித்து, நூல் கட்டி மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். பெயர்ப்பட்டியல் என்றால் என்ன என்று எங்கள் வயதில் இங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. டீச்சர் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தார். கல்முனை நண்பன் தாளைத் தொடவே இல்லை.

"எரிப்பம்," என்றார் வங்கிக்காரர்.

"எரிக்க ஏலா," என்றார் டீச்சர். ஜூன் 1ஆம் திகதி பேசியதை ஒருவரும் மறக்கவில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு குறிப்பு. இந்த இடத்தில் இரோரி வந்து ஏதாவது சொல்லியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். கண்ணகையாக இருந்தால் படை எரிந்திருக்கும். முருகனாக இருந்தால் வேல் வந்திருக்கும். ஒருவரும் வர மாட்டார் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். அரை மணி நேரம் வாதாடினார்கள். நான் இரண்டு சிகரெட் பிடித்தேன்.

கடைசியில் மச்சினன்தான் சொன்னான். "அத்தான், கூத்துக் கொப்பிய ஆர் வீட்டுல வச்சிருந்தவங்க? அப்பாவுக்கு முழுக் கொப்பியும் பாடம். கொப்பி கறையான் திண்டு போச்சு, கூத்து போகல்லியே."

ஆளுக்குப் பன்னிரண்டு பெயர் பிரித்தார்கள். இரவு ஒன்றரை மணி வரை பாடமாக்கினார்கள், உண்மையாகவே, வாயால் சொல்லிச் சொல்லி. டீச்சர் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டார், பிழை விட்டவர்களை முறைத்தார். பிறகு தாளை நாலு பேருமாகக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்கள். அடுப்புச் சாமி என்று ஒருவரும் பகிடி விடவில்லை, எனக்கே இப்போதுதான் நினைவு வருகிறது.

நான் கணினியில் இருந்த கோப்பையும் அழித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒப்புவிக்கும் பெயர் உயிரோடு இருக்கும், மறந்த பெயர் போயிற்று. இதுதான் விதி என்றேன்.

ஜூலை 7

விதி வழக்குப் போடுகிறவர்களுக்கு: தடையை மீறினால் கடவுளின் தயவை இழப்பது கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரம் போன்றவர்கள், அவர்களுடைய சக்தி கடவுளிடமிருந்து வருகிறது. மொங்க்குக்கு விதியில் கடவுள் கட்டாயமே இல்லை. மச்சினனிடமிருந்து பறிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் அது தெரிந்துதான் முதல் நாளிலிருந்து இரோரியைப் பின்பற்றுகிறான். நேற்றுத்தான் கேட்டேன்.

ஏடு அழிந்ததா இல்லையா என்று நீங்கள் அடிபட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது.

ஜூலை 13

நேற்று ஒப்புவித்தார்கள். மச்சினன் தன் பன்னிரண்டையும் கூத்துத் தரு மெட்டில் கட்டி, மேசையில் தாளம் தட்டிப் பாடினான். டீச்சர் பன்னிரண்டு, அகர வரிசையில். கல்முனை நண்பன் பதினொன்று. வங்கிக்காரர் ஒன்பதில் நின்றுவிட்டார். எண்களோடு நாள் முழுவதும் இருக்கிற மனிதர், முகம் சிவந்துபோனது. மொத்தம் 44. சொன்னவை சரியா பிழையா என்று பார்க்கத் தாள் இல்லை, எண்ணத்தான் முடிந்தது. நாலு பேர் போய்விட்டார்கள் என்று கொப்பியில் எழுதினேன். ஒருவரும் பகடை உருட்டிப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை.

ஜூலை 16

விடிய இரண்டு மணிக்கு ஃபோன். வங்கிக்காரர். "அண்ணாவியார், ஒரு பேர் வந்துட்டுது." சொன்னார். எனக்கு அப்படி ஒரு பெயர் எழுதியதாக ஞாபகமே இல்லை. அவருடைய அப்பாவின் ஊர்ப் பக்கத்துப் பெயர் போல இருந்தது. பட்டியலில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

45 என்று எழுதிக்கொண்டேன்.